மைக்கைத் திறந்தே வைக்கலாமா?

இந்த மாதம் 'என் கருத்து' பகுதிக்கு நான் எழுதுகிறேன். தமிழ் ஐயா ஒரு தாள்தான் கொடுத்தார். விஷயம் பெரிசா இருக்கறதால இன்னும் ரெண்டு தாள் கெஞ்சி வாங்கினேன். எழுத்து சின்னதாகத் தெரிந்தால் கொஞ்சம் கிட்ட வந்து படிங்க.

வீட்டில் இருக்கிற கம்ப்யூட்டர்களை ஒன்றோடு ஒன்று இணைத்து, அதிலேயே இன்டர்காம் மாதிரி பேசிக்கொள்வது பற்றித்தான் எழுதப் போகிறேன். இது நல்ல காரியம், முடிந்த வீட்டிலெல்லாம் செய்யலாம் என்பது என் கருத்து. ஆனால் அதில் மைக்கை எந்நேரமும் திறந்து வைப்பது கூடாது என்பதும் என் கருத்துதான். முதல் கருத்தை எங்க வீட்டில் எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. ரெண்டாவதுக்குத்தான் சண்டை.

எங்க அப்பத்தா பழைய ஓட்டு வீட்டில்தான் இருக்காங்க. நாங்க இருக்கிறது புது வீடு. நடுவில் தோட்டம், கிணறு, மாட்டுக் கொட்டகை எல்லாம் சேர்த்து ஒரு நாற்பது மீட்டர் தூரம் இருக்கும். பக்கவாதம் வந்ததில் அப்பத்தாவுக்கு வலது கை சரியா வராது. "தாத்தா இருந்த வீடு, நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டார்கள். ராத்திரி மழை பெய்தால் அவங்க கூப்பிடுறது எங்களுக்குக் கேட்காது. எங்க பக்கம் மலை மறைக்கிறதால செல்போனில் டவர் ஒரு கோடு நின்றால் பெரிசு. அப்பத்தாவுக்கு டச் போன் தேய்க்கவும் வராது.

எங்க அண்ணன் பிளஸ் டூ படிச்சப்போ அரசு கொடுத்த இலவச லேப்டாப் வீட்டில் இருந்தது. பெரியப்பா மகள் பெரியக்காவோட லேப்டாப் இன்னும் பழசு. அக்கா கல்யாணமாகிப் போன பிறகு அது பீரோவில் துணி சுத்திக் கிடந்தது. (2011-ல் ஆரம்பித்த அந்தத் திட்டத்தில் வந்த லேப்டாப்புகள் நம்ம ஊரில் எத்தனை வீட்டுப் பரணில் தூங்குதுன்னு ஒருநாள் கணக்கெடுக்கணும்.) அண்ணன் பாலிடெக்னிக் முடிச்சவன். ஒரு நீளமான லேன் கேபிள் வாங்கி வந்து, ஒரு முனையை இங்கேயும் இன்னொரு முனையை அங்கேயும் சொருகினான். அவ்வளவுதான் இணைப்பு. ரவுட்டர் கிடையாது. இன்டர்நெட் கிடையாது. ரீசார்ஜ் கிடையாது.

இன்டர்நெட் இல்லாம எப்படிப் பேச முடியும்னு எங்க வகுப்பில் பாதிப் பேர் கேட்டாங்க. நம்ம குரல் காற்றில் அதிர்வு. மைக் அதை மின்சாரமாக மாற்றும். கம்ப்யூட்டர் அந்த மின்சாரத்தை ரொம்பச் சின்னச் சின்ன இடைவெளியில் அளந்து எண்ணாக எழுதிக்கொள்ளும். டெலிபோன் கம்பெனிகள் பல வருடமாக வைத்திருக்கும் கணக்கு ஒரு நொடிக்கு 8,000 தடவை அளப்பது. ஒவ்வொரு அளவுக்கும் 8 பிட். பெருக்கிப் பாருங்க, நொடிக்கு 64,000 பிட் வரும். சாதாரண லேன் கேபிளில் நொடிக்கு 10 கோடி பிட் போகும். அதாவது நம்ம பேச்சு அந்தக் கேபிளுக்கு ஒரு சுமையே இல்லை. அந்த எண்கள் எதிர்முனை லேப்டாப்புக்குப் போய்ச் சேர்ந்ததும் மறுபடி சத்தமாக மாறும். இது புதுசும் இல்லை. 1974-லேயே அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வலையில் குரலை அனுப்பிப் பார்த்துவிட்டார்கள்.

செல்போனில் வாட்ஸ்அப்பில் பேசினால் நம்ம குரல் எங்கெங்கேயோ சுற்றிவிட்டு வரணும். அதனால்தான் சில சமயம் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஹலோ, ஹலோ" என்று முட்டிக்கொள்கிறோம். ஒருவர் பேசியது மற்றவருக்குப் போய்ச் சேர ஒரு நொடியில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் ஆனாலே பேச்சில் இடறல் தெரிய ஆரம்பிக்கும். எங்க கேபிளில் அந்தத் தொல்லையே இல்லை. அப்பத்தா கூப்பிட்டா பக்கத்து அறையில் இருந்து கூப்பிடுற மாதிரி இருக்கு.

அண்ணன் போட்ட மென்பொருள் பேர் மம்பிள். கம்ப்யூட்டர் விளையாட்டு ஆடுறவங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கறதுக்காக 2005 வாக்கில் வந்தது. இலவசம். யார் வேணும்னாலும் உள்ளே பிரிச்சுப் பார்த்து மாத்தலாம். ஒரு லேப்டாப்பில் அதோட சர்வர் ஓடணும், ரெண்டிலும் பேசுறதுக்கான பகுதி இருக்கணும். ஒரே ஒரு தடவை மட்டும் இறக்கிக்க இன்டர்நெட் வேணும். அதுக்கு அண்ணன் டவுனுக்குப் போய்ட்டு வந்தான்.

சில தொல்லைகளும் உண்டு, மறைக்கக்கூடாது. மூடியை மூடினா லேப்டாப் தூங்கிடும், இன்டர்காமும் தூங்கிடும். அதனால் அந்த செட்டிங்கை மாத்தணும். பழைய லேப்டாப்பில் பேட்டரி செத்துப் போயிருந்தா கரண்ட் போனதும் பேச்சும் போச்சு. ரெண்டு லேப்டாப்பையும் ஒரே அறையில் வைச்சுச் சோதிச்சா திருவிழா மைக் செட் மாதிரி 'கீஈஈ' என்று ஊளையிடும். ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் போய், மறுபடி ஸ்பீக்கரில் வந்து, சுத்திச் சுத்தி வளருவதுதான் காரணம். இடி மின்னல் நேரத்தில் வெளியே போகிற கேபிளை ரெண்டு பக்கமும் கழட்டி வைக்கணும். இல்லாட்டி மின்னல் பக்கத்தில் எங்கேயாவது விழுந்தால்கூட ரெண்டு லேப்டாப்பும் போயிடலாம். மழை நேரத்தில்தான் அது ரொம்ப வேணும், மழை நேரத்தில்தான் கழட்ட வேண்டியிருக்கு என்று அம்மா சொல்லுவாங்க. அது உண்மைதான். இடி இடிக்கிற ராத்திரியில் யாராவது ஒருத்தர் அப்பத்தா வீட்டிலேயே படுத்துக்கிறோம்.

இப்போ சண்டைக்கு வருகிறேன்.

மம்பிளில் மைக்கை மூன்று விதமாக வைக்கலாம். ஒன்று, பட்டனை அழுத்தினால் மட்டும் நம்ம குரல் போகும். ரெண்டு, நாம் பேசினால் அதுவே கண்டுபிடித்து அனுப்பும், சும்மா இருந்தால் அனுப்பாது. மூன்று, நிறுத்தாமல் எப்போதும் அனுப்பிக்கொண்டே இருக்கும். அப்பத்தாவால் கீபோர்டில் பட்டன் தேட முடியாது என்பதால் அண்ணன் அங்கே மூன்றாவதை வைத்தான். எங்க வீட்டுக் கூடத்தில் ஸ்பீக்கர். அப்பத்தா இருமினால் கேட்கும், திரும்பிப் படுத்தால் கட்டில் சத்தம் கேட்கும். முதல் வாரம் எல்லாருக்கும் பெருமை தாங்கலை. தெருவில் இருந்து ஆள் வந்து பார்த்துட்டுப் போனாங்க.

அப்புறம் ஒருநாள் அத்தை ஊரிலிருந்து அப்பத்தாவைப் பார்க்க வந்தாங்க. தாயும் மகளும் மனசு விட்டுப் பேசுவாங்கதானே? அத்தை வீட்டுக் கஷ்டம், கடன், அதோட எங்க அம்மாவைப் பற்றி ரெண்டு வார்த்தை, எல்லாம் எங்க கூடத்தில் ஸ்பீக்கரில் கணீர்னு விழுந்துச்சு. பக்கத்து வீட்டு ஆளுங்க ரெண்டு பேர் அப்போ கூடத்தில் உட்கார்ந்திருந்தாங்க. அத்தைக்கு மைக் இருக்குன்னே தெரியாது. அதுக்குப் பிறகு நடந்ததை இந்தத் தாளில் எழுதினால் எனக்கு வீட்டில் சோறு கிடைக்காது.

அப்பத்தாவுக்கு விஷயம் தெரிஞ்சப்போ, "நான் இருமுறது, முனகுறதுகூட அங்க கேக்குதாமே, கூச்சமா இருக்குடி ஆத்தா" என்று என்கிட்ட சொன்னாங்க. அன்றைக்கு ராத்திரி அவங்க இருமலை அடக்கிக்கொண்டு படுத்திருந்தாங்க. உடம்பு முடியாதவங்க இருமக்கூட யோசிக்கணுமா?

அடுத்தது என் கதை. நான் சாயங்காலம் அப்பத்தா வீட்டுத் திண்ணையில்தான் படிப்பேன். எனக்கு மனசுக்குள்ளேயே படிச்சாத்தான் ஏறும். ஆனால் நான் வாயை மூடின அஞ்சாவது நிமிஷம் லேப்டாப்பில் இருந்து அம்மா குரல் வரும்: "என்னடி, சத்தத்தையே காணோம்?" தோழிகள் வந்து கணக்குப் போட உட்கார்ந்தாலும் இதே கதை. நாங்க ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகள். பாடம் மட்டுமா பேசுவோம்? உடம்புக்கு முடியலை என்பதைப் பேசுவோம், வீட்டில் நடக்கிற சண்டையைப் பேசுவோம், ஒண்ணுமே இல்லாததுக்கு அரை மணி நேரம் சிரிப்போம். இப்போ எல்லாரும் அந்த லேப்டாப்பைப் பார்த்துக்கிட்டே பேசறாங்க. ஒரு தோழி வருவதையே நிறுத்திட்டா.

"தப்பு செய்யாதவங்களுக்கு என்ன பயம்?" என்று அப்பா கேட்டார். இதைப் படிக்கிற பெரியவர்கள் சிலரும் அப்படியே கேட்பீங்க. கொல்லைக் கதவைச் சாத்திக்கிட்டுக் குளிக்கிறோமே, அங்கே என்ன தப்பு செய்யறோம்?

வீட்டுக்குள் காது வைக்கிற கருவி கம்ப்யூட்டரோடு வந்தது இல்லை. அமெரிக்காவில் லிண்ட்பர்க் என்ற புகழ்பெற்ற விமானியின் குழந்தையை 1932-ல் கடத்திவிட்டார்கள். பணக்காரர்களுக்கெல்லாம் பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பயத்தில் 1937-ல் ஜெனித் என்ற ரேடியோ கம்பெனி ஒரு ஜோடிப் பெட்டி செய்தது. குழந்தை அறையில் வைப்பது கேட்கும் பெட்டி, அதன் பேரைத் தமிழில் சொன்னால் 'காவல் காது'. அம்மா அறையில் வைப்பது பேசும் பெட்டி. குழந்தை அழுதால் அம்மாவுக்குக் கேட்கும். தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்கு அது சரி. அதுக்கு அழ மட்டும்தான் தெரியும், மறைக்க ஒண்ணும் கிடையாது. பதினாலு வயசுப் பிள்ளைக்கும் எழுபது வயசு அப்பத்தாவுக்கும் அதே காவல் காதை வைத்தால் எப்படி?

இன்னொன்றும் இருக்கு. அமேசான் கம்பெனியின் எக்கோ ஸ்பீக்கரில் 2017-ல் 'டிராப் இன்' என்று ஒரு வசதி கொண்டுவந்தார்கள். எதிர்முனையில் யாரும் எடுக்காமலேயே பேச்சு திறந்துவிடும். ஆனால் அதில்கூட யார் அப்படி நுழையலாம் என்று முன்கூட்டியே அனுமதி கொடுத்து வைக்கணும். வியாபாரம் செய்கிற கம்பெனிக்காரனே அனுமதி கேட்கிறான்! அதுக்கும் முன்னால் மைக்ரோசாஃப்ட் கம்பெனி 1996-ல் விட்ட நெட்மீட்டிங்கில் ஒரு கம்ப்யூட்டரில் இருந்து இன்னொன்றைக் கூப்பிட்டால் போன் மாதிரி அழைப்பு வரும், எடுக்கலாம், வேண்டாம்னு விடலாம். விண்டோஸ் எக்ஸ்பி காலம் வரைக்கும் அது இருந்தது. எனக்கு அந்த முறைதான் பிடிக்குது.

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து, அந்தரங்கம் என்பது நம் அடிப்படை உரிமை என்று ஒரே முடிவாகச் சொன்னார்கள். இதை அப்பாவிடம் சொன்னேன். "அது அரசாங்கத்தைப் பார்த்துச் சொன்னது, அப்பனைப் பார்த்துச் சொன்னது இல்லை" என்றார். சட்டப்படி அவர் சொல்வது ஓரளவு சரியாகவே இருக்கட்டும். அரசாங்கமே வாசலில் நின்று கேட்டுட்டு வரணும் என்றால், சொந்த மகள்கிட்ட ஒரு வார்த்தை கேட்கறதில் என்ன குறைஞ்சு போயிடும்?

"பகலில் அப்பத்தா விழுந்துட்டா என்ன செய்வே?" என்று அம்மா கேட்டாங்க. இது நியாயமான கேள்வி, நான் ரெண்டு நாள் யோசிச்சேன். யோசிக்கும்போதுதான் ஒன்று பிடிபட்டது. மைக் வருவதற்கு முன்னால் அம்மா பகலில் நாலு தடவையாவது அந்த வீட்டுக்கு நடந்து போவாங்க. மைக் வந்த பிறகு சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும்தான். "இருமல் கேக்குது, நல்லாத்தான் இருக்காங்க" என்று இங்கே இருந்தே சொல்லிவிடுவாங்க. ஒருநாள் ராத்திரி முழுக்க ஒரு சத்தமும் வரலை. அப்பத்தா அசந்து தூங்குறாங்கன்னு எல்லாரும் நினைச்சாங்க. காலையில் போய்ப் பார்த்தால் மைக் வயர் கழன்று தொங்குது. லேப்டாப் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, இணைப்பும் இருக்கு, சத்தம்தான் இல்லை. அப்பத்தா ரெண்டு தடவை தண்ணி கேட்டுக் கூப்பிட்டிருக்காங்க. திறந்த மைக்கில் இதுதான் பெரிய ஆபத்து. ஆள் தூங்குறாங்களா, வயர் கழன்றதா, ரெண்டுக்கும் ஒரே அமைதிதான்.

கரண்ட் கணக்கும் போட்டேன், கணக்கு டீச்சர் சரிபார்க்கலாம். சும்மா ஓடுகிற லேப்டாப் ஒன்றுக்கு 20 வாட் என்று வையுங்க. ரெண்டுக்கு 40 வாட். 24 மணி நேரத்துக்கு 0.96 யூனிட், 60 நாளுக்கு 57.6 யூனிட். ரெண்டு மாசத்துக்கு இலவசம் 100 யூனிட். அதில் பாதிக்கு மேல் இதுக்கே போயிடுது! ராத்திரி 9 மணி நேரம் மட்டும் ஓடினால் 21.6 யூனிட்தான். அப்பாவை அசைச்சது உச்ச நீதிமன்றம் இல்லை, இந்தக் கணக்குதான்.

இப்போது எங்க வீட்டில் பேசி முடித்திருப்பது இது. ராத்திரி ஒன்பது மணியில் இருந்து காலை ஆறு மணி வரை மைக் திறந்திருக்கும். அதுக்கு அப்பத்தா சம்மதம் சொல்லிட்டாங்க, "ராத்திரிக்கு வேணும்தான்" என்று அவங்களே சொன்னாங்க. ஆனால் ஸ்பீக்கர் கூடத்தில் இல்லை, அம்மா படுக்கிற இடத்தில். படுக்கப் போகுமுன் அப்பத்தாவைப் பேசச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் விளக்கை அணைக்கணும். பகலில் அழுத்திப் பேசும் முறை, அதுவும் லேப்டாப் தேவைப்படும்போது மட்டும். கீபோர்டு வேண்டாம் என்று அண்ணன் ஒரு பழைய மவுஸைக் கட்டிலின் இடது பக்கக் காலில் துணியால் கட்டிவிட்டான். மம்பிளில் மவுஸ் பட்டனையே பேசும் பட்டனாக வைக்கலாம். நல்லா இருக்கிற இடது கையால் அழுத்தினால் போதும். அப்பத்தா அதுக்கு 'எலிக்குட்டி' என்று பேர் வைச்சுட்டாங்க. யாராவது பார்க்க வந்தால், "இங்கே மைக் இருக்கு, இப்போ மூடியிருக்கு" என்று அப்பத்தாவே முதலில் சொல்லிவிடறாங்க. அம்மா பழையபடி பகலில் நடந்து போறாங்க.

என் திண்ணைப் பிரச்சினை மட்டும் பாதிதான் தீர்ந்திருக்கு. பரீட்சை சமயத்தில் மைக்கைத் திறப்போம் என்று அப்பா சொல்கிறார். வேணும்னா நேரில் வந்து பாருங்க, நான் எழுந்து நின்றே படிக்கிறேன், மைக் மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். பேச்சுவார்த்தை நடக்குது.

இதை நான் சுவர் இதழில் எழுத இன்னொரு காரணமும் உண்டு. நம் பள்ளியில் பழைய கம்ப்யூட்டர்களை வகுப்புக்கு ஒன்றாக வைத்து, தலைமையாசிரியர் அறையோடு கேபிளில் இணைக்கலாம் என்று ஒரு பேச்சு அடிபடுது. நல்ல யோசனை. சுற்றறிக்கை நோட்டைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓட வேண்டாம், யாருக்காவது மயக்கம் வந்தால் உடனே சொல்லலாம். தலைமையாசிரியர் அறையில் இருந்து பேசுவது எங்களுக்குக் கேட்கட்டும். வகுப்பில் இருந்து மட்டும், வகுப்பில் இருக்கிறவங்க பட்டனை அழுத்தினால்தான் குரல் போகணும் என்று முதலிலேயே முடிவு செய்துவிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஐயாக்களே, டீச்சர்களே, இதை எங்களுக்காக மட்டும் கேட்கலை. மதிய இடைவேளையில் வகுப்பில் உட்கார்ந்து நீங்களும் பேசுறீங்க!

மாற்றுக் கருத்து இருக்கிறவங்க அடுத்த மாத இதழுக்கு எழுதுங்க, தாள் தமிழ் ஐயாவிடம் இருக்கு. வருகிற சனிக்கிழமை சிறப்பு வகுப்பு முடிந்ததும் கம்ப்யூட்டர் அறையில் ரெண்டு கம்ப்யூட்டரை இணைத்துக் காட்ட அண்ணன் வருகிறான், அனுமதி வாங்கியாச்சு. கேபிள் அவனே கொண்டு வருவான். ஹெட்போன் வைத்திருப்பவர்கள் எடுத்து வாங்க, இல்லாட்டி ஊளைச் சத்தம் ஆறாம் வகுப்பு வரைக்கும் கேட்கும்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி